மலைவிளிம்பில் நின்ற பதினேழு பேர்

இன்று காலை வேலைக்குப் போனபோது கொரிடோரில் ஒரு பெரிய படம் சுவரோடு சாய்ந்து நின்றது. இரண்டு மீற்றர் அகலம் இருக்கும். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை, ஆனாலும் புது மையின் வாசம் மூக்கில் ஏறியது. கிட்டப் போய்ப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பாலைவனம், மொட்டை மலை, மலையடியில் உயர்ந்த மதிலுக்குள் அந்த மடம், மேலே மலைவிளிம்பில் வரிசையாக நிற்கிற பதினேழு பேர். எங்களுடைய நாற்பத்தோராம் கண்ணாடித் தட்டில் இருந்த படம்.

நீர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். அடுத்த மாதம் கண்காட்சி திறக்கிறார்கள், வாசலில் முதலாவதாக இந்தப் படத்தைத்தான் மாட்டப்போகிறார்களாம். படத்தைத் தூக்கிவந்த இரண்டு பொடியன்களும் நல்ல படம் என்றார்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு என்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உம்மோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. வேறு ஒருவரோடும் இதைக் கதைக்க ஏலாது.

ஜெர்மனிக்கு வந்து, ஹனோவரில் நாங்கள் இரண்டு பேரும் பழகியது கிளீனிங் வேலையில். நீர் மன்னார், நான் யாழ்ப்பாணம். நீர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஆள், நான் கோயில் திருவிழாவுக்கு மட்டும் சீலை உடுத்துகிற ஆள். காலை ஐந்து மணிக்கு அலுவலகக் கட்டடங்களில் வாளியும் துடைப்பமுமாக நிற்போம். அந்தக் கம்பனியில் வருத்தமென்று டொக்டரின் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்தவர்களை அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள். ஆகவே எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருத்திக்கு ஏலாவிட்டால் மற்றவள் அவளுடைய மாடியையும் சேர்த்துத் துடைப்பாள், துடைத்துவிட்டு அவளுடைய பெயருக்கு நேரே அவளுடைய கையெழுத்தையே போட்டுவிடுவாள். உம்முடைய கையெழுத்து எனக்கு என்னுடையதைவிட வடிவாக வரும். என்னுடையதை நீர் எப்போதும் கோணலாகத்தான் போடுவீர், கேட்டால் "உம்மட குணத்துக்கு இது காணும்" என்பீர்.

பிறகு நான் நாற்பது வயதில் ஒரு மறுபயிற்சி படித்து இந்தப் பழம்பொருள் சேகரிப்பில் வேலைக்கு வந்தேன். கண்ணாடித் தட்டுகள் வந்தபோது உம்மையும் இழுத்துவந்தேன். பிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடியில் படம் பிடித்த காலத்து, நூறு வருடத்துக்கு மேலே பழைய தட்டுகள். ஒரு ஜெர்மன்காரர் ஒட்டகங்களில் கமராவையும் கண்ணாடிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போய், ஒரே ஒரு மடத்தையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் மாதக்கணக்கில் பிடித்திருக்கிறார். அவருடைய குடும்பத்தார் பரணில் கிடந்த மரப்பெட்டிகளை அப்படியே எங்களிடம் தந்துவிட்டார்கள். தட்டுகளைத் துப்புரவாக்கி, இலக்கமிட்டு, கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. உமக்கு ஒரு வருட ஒப்பந்தம், இங்கத்தைய சொல்லில் ஃபெர்ட்ராக், பிறகு நீட்டித்துத் தருவோம் என்று வாயால் சொல்லியிருந்தார்கள்.

நான் அதை வேலையாகப் பார்த்தேன். நீர் அதற்குள் போய்க் குடியிருந்தீர். வனத்து அந்தோனியார் தவமிருந்த மலை இது என்று அறிந்த நாளில் உமக்குக் கண் கலங்கியதும் உண்டு, வாய் சும்மா இருக்காததும் உண்டு.

"எங்கட கோயிலில வனத்து அந்தோனியாருக்குப் பின்னால மரமும் பன்றியும் கீறி வைச்சிருக்கினம். இங்க பாரும், ஒரு முள்ளுப்பத்தைகூட இல்லை. மனிசன் என்னத்தைத் திண்டிருப்பார்?"

தட்டில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். பட்டப்பகல் வானம் கன்னங்கரேலென்று தெரியும். எனக்குக் கணினியில் மாற்றிப் பார்த்தால்தான் எது மலை, எது நிழல் என்று விளங்கும். நீர் வெளிச்ச மேசையில் தட்டை வைத்தவுடனே வாசித்துவிடுவீர். அந்த மடத்துக்கு முன்னொரு காலம் வாசலே இருக்கவில்லை, மதிலின் உச்சியிலிருந்து கயிறு விட்டுத்தான் ஆட்களைத் தூக்கியெடுப்பார்கள், அதே கயிற்றில் கூடையைக் கட்டி வெளியே நிற்கிற பாலைவனச் சனத்துக்குத் தின்னப் பாண் இறக்குவார்கள் என்று நீர்தான் ஒரு தட்டில் கயிற்றைக் கண்டுபிடித்துக் காட்டினீர். வெக்கையில் தட்டில் பூசிய ஜெலற்றின் இளகி ஓரமெல்லாம் சுருங்கிய தட்டுகள், மணல் ஒட்டிக் காய்ந்த தட்டுகள், ஒன்றின் மூலையில் அந்த மனிதரின் பெருவிரல் அடையாளம். ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று பார்ப்பீர். நாளுக்கு இருபது முடிக்கச் சொன்னால் உம்முடைய மேசையில் பன்னிரண்டு முடிந்திருக்கும். நான் ஏசுவேன்.

வேலையின் முறை உமக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. தட்டின் ஒரு பக்கம் படப் பூச்சு, அதைத் தூரிகையால் தூசு தட்டுவதோடு சரி. மறுபக்கம் வெறும் கண்ணாடி. அதை மட்டும் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். துடைப்பதற்கு முன் தட்டை விளக்குக்கு நேரே சரித்து, கண்ணாடிப் பக்கத்தில் படம் பிடித்தவர் ஏதும் பூசியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்தவர், துடைத்தவர், உறையில் ஒட்டிய சிறு தாளில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும்.

அது மாசி மாதம். ஃபெர்ட்ராக்கை நீட்டிப்பதா இல்லையா என்று முடிவெடுக்கிற கிழமை. திங்கட்கிழமை நீர் என்னைக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போய், "நெஞ்சில ஒரு கட்டி இருக்கப்பா. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம். ஊசியால எடுத்துப் பார்க்கப்போயினமாம்" என்றீர். நான் விடுமுறை கேளும் என்றேன். நீர் தலையை ஆட்டினீர்.

"இந்தக் கிழமை கேக்க ஏலாது. வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா ஆர் வேலை தருவினம்? நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும். ஜெனிக்கும் சொல்லாதையும், பிள்ளை படிக்கட்டும்."

இங்கே கேட்டால் தந்திருப்பார்கள். இது அந்தக் கிளீனிங் கம்பனி இல்லை. அது எனக்குத் தெரியும், உமக்கும் ஓரளவுக்குத் தெரியும். ஆனால் பதினைந்து வருடம் ஒரு மாதிரிப் பயந்து பழகினால் பிறகு அந்தப் பயம்தான் எங்களை நடத்துகிறது. புதன்கிழமை பத்து மணிக்கு நீர் பின்கதவால் போனீர். நான் உம்முடைய மேசையில் இருந்து உம்முடைய இருபது தட்டையும் முடிக்கத் தொடங்கினேன்.

எனக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இராது. நாற்பத்தோராவது தட்டில், கண்ணாடிப் பக்கம், மலைவிளிம்பை ஒட்டி ஒரு விரலகலத்துக்குச் செம்மண் நிறத்தில் ஊத்தை. பழைய பெட்டியின் துரு என்று நினைத்தேன். சரித்துப் பார்க்கவில்லை. மணி பன்னிரண்டாகிவிட்டது, இன்னும் எட்டுத் தட்டு கிடக்கிறது. பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தேன். அது சுகமாக வந்தது. ஒரு நிமிடத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, பஞ்சு சிவந்துபோயிருந்தது. தாளில் உம்முடைய முதலெழுத்துகளைப் போட்டேன், வழக்கம்போல வடிவாக. பிறகுதான் தட்டை வெளிச்ச மேசையில் வைத்தேன். மலைவிளிம்பில் ஆட்கள் நின்றார்கள்.

ஊத்தை இல்லை, சாயம். அந்த மனிதர் தன் கையாலேயே பூசிய மறைப்பு. கறுத்த வானத்துக்கு எதிரே ஆட்கள் தெளிந்த கண்ணாடியாக நின்றிருக்கிறார்கள். அந்த இடத்தைச் சிவப்புச் சாயத்தால் மூடிவிட்டால் வெளிச்சம் போகாது, அச்சில் வெறும் வானம்தான் விழும். அவர் பிறகு அச்சிட்ட புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. அதில் விளிம்பு துப்புரவாக, ஒரு குருவிகூட இல்லாமல் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் மனித வாடையே இல்லை என்று எழுதியும் வைத்திருக்கிறார். பொய்யோ மெய்யோ, நூறு வருடம் அந்தச் சாயம் அந்தத் தட்டின் பகுதி. அதை அழித்தது பெரிய சேதம். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய பிழை தட்டைக் கீழே போடுவதுதான்.

நீர் இரண்டரை மணிக்கு வந்தீர். நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். என்னுடைய வேலை போகும், உறைத்தாளில் உம்முடைய எழுத்தைப் பொய்யாகப் போட்டதற்கு வேறு கேள்வி வரும், நிரந்தர வேலை என்று நம்பி வங்கியில் வீட்டுக்கு எழுதிக்கொடுத்தது என்னாகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னேன். நீர் தட்டைக் கிட்ட இழுத்துக் குனிந்து பார்த்தீர். விரலால் தொடாமல் எண்ணினீர்.

"பதினேழு பேர். நாலு குழந்தையள். இந்த மனிசி தலையில ஏதோ வைச்சிருக்கிறா."

"இப்ப இதே முக்கியம்?"

"பாணுக்கு நிக்கினமப்பா. மடுக் கோயிலில அகதியா இருக்கேக்க நாங்களும் இப்பிடித்தான் நிண்டனாங்கள். கனநேரம் நிக்கிற ஆக்கள் ஒரு காலில பாரத்தைப் போட்டு நிப்பினம், வடிவாப் பாரும்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். "அழாதையும். என்ர பேர்தானே கிடக்கு. இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து அது வெளியே வந்தது. அப்போதிருந்த பொறுப்பாளர் அம்மா புத்தகத்தையும் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உம்மைக் கூப்பிட்டார். உம்முடைய ஜெர்மன் கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும், இப்படியான கதைக்குக் காணாது. ஆகவே மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார். நீர் எனக்குப் பக்கத்தில் இருந்து, தமிழில், சரித்துப் பார்க்காமல் துடைத்துவிட்டதாகச் சொன்னீர். நான் அதை ஜெர்மனில் மாற்றிச் சொன்னேன். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. பொறுப்பாளர் கெட்டவர் இல்லை, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நீட்டிக்க ஏலாது என்று அவர் சொன்னதையும் நான்தான் உமக்குத் தமிழில் சொன்னேன்.

நீர் திரும்பவும் ஐந்து மணி வேலைக்குப் போனீர். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, காட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். புரட்டாதியில் ஜெனி படிப்புக்காக ஒரு வருடம் ஸ்பெயினுக்குப் போனாள். தகப்பனில்லாத பிள்ளை, ஒரே பிள்ளை, ஸ்டேசனில் அவளைக் கட்டிப்பிடித்து நீர் சிரித்துக்கொண்டே நின்றீர். மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வந்தபோதுதான் அவளுக்குச் சொன்னீர், புற்றுநோயாம், இப்போதுதான் கண்டுபிடித்தார்களாம் என்று. சித்திரையில் நீர் இல்லை.

செத்தவீட்டில் ஒரு மனிசி எனக்குப் பக்கத்தில் இருந்து, "பாவம், மியூசியத்தில ஏதோ விலையுயர்ந்த சாமானைப் பழுதாக்கிப்போட்டாவாம். அந்தக் கவலையும்தான் ஆளை உருக்கினது" என்றார். நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வேண்டிய அளவுக்கு மேலேயே கலக்கினேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் கண்காட்சிக்கான விளக்கத்தைப் பிழை பார்க்கத் தந்தார்கள். இப்போது அந்தப் பதினேழு பேருக்காகத்தான் எங்கள் சேகரிப்பைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். வெறுமை என்று காட்டிய இடத்தில் சனம் நின்றதற்கு இதுதான் சாட்சியாம். எல்லாம் எழுதி, கடைசி வரியில், தற்காலிகப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் மூலத் தட்டின் மறைப்பு அழிந்தது என்று போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. ஆனால் ஹனோவரில் உள்ள தமிழாட்களுக்கு அந்தத் தற்காலிகப் பணியாளர் யார் என்று தெரியும். ஜெனிக்கும் தெரியும்.

அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லலாம். மாற்றச் சொன்னால், தாளில் உம்முடைய எழுத்து இருக்கிறதே, நீர் அந்நேரம் எங்கே இருந்தீர் என்று கேட்பார்கள். ஒருவருக்கும் சொல்லாதையும் என்று நீர் கேட்டதை இவ்வளவு காலமும் காப்பாற்றியதாக நான் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உம்முடைய சொல்லைக் காப்பாற்றினேனோ என்னுடைய தோலைக் காப்பாற்றினேனோ, இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் உம்முடைய பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்று நினைத்து ரயிலேறி பிராங்பேர்ட்டுக்குப் போனேன். அவள் அங்கே வங்கி ஒன்றில் வேலை செய்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேசனுக்குப் பக்கத்துப் பேக்கரியில் சந்தித்தோம். உம்முடைய நெற்றி, உம்முடைய நிதானம்.

தட்டை நான்தான் துடைத்தேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. உம்மைப்போலவே நிறையப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்ப அண்டைக்கு அம்மா எங்க போனவ, அன்ரி?"

"ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை. கட்டியைச் சோதிக்க."

"மாசியிலயா?"

"ஓம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் புரட்டாதியில போனனான்."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஸ்டேசனுக்கு வந்தனீங்கள். எனக்குப் புட்டுக் கட்டித் தந்தனீங்கள்."

அந்த மாசியிலேயே சொல்லியிருந்தால் அவள் ஒரு கிழமைகூட ஸ்பெயினில் நின்றிருக்கமாட்டாள். நீர் அதற்காகத்தான் மறைத்தீர் என்றும் அவளுக்கு விளங்கியது. அதுதான் அவளைக் கூடுதலாக நோகடித்தது என்று நினைக்கிறேன். எழும்பிக் கோட்டைப் போடும்போது ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்டைக்குத் திரும்பி வந்து, டொக்டர் என்ன சொன்னதெண்டு அம்மா உங்களுக்குச் சொன்னவவா?"

"சொன்னவ. ஒரு கிழமையில முடிவு வருமாம், பயப்பட வேண்டாமாம் எண்டு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் ஒரு செய்தி வந்தது. "அம்மா செய்யேல்லை எண்டு எழுதுங்கோ. மிச்சத்தைப் பற்றி இப்ப என்னோட கதைக்காதேங்கோ."

எழுதிக் கொடுத்தேன். இப்போதுள்ள பொறுப்பாளர் இளம் ஆள். நான் நீட்டிய இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, கண்டிப்புக் கடிதம் ஒன்று என் கோவையில் சேரும் என்றார். அவ்வளவுதான். எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதுவரை வந்து போகலாம். விளக்கத்தில் இப்போது சேகரிப்பின் நிரந்தரப் பணியாளர் என்று திருத்தியிருக்கிறார்கள். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த ஒரு கடிதத்துக்கு. நீர் கொடுத்ததோடு பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் இல்லை.

ஜெனிக்குச் சொன்னதில் ஒன்று பொய். அதை உமக்குத்தான் சொல்ல வேண்டும், உமக்குத் தெரியும் என்றாலும். டொக்டர் சொன்னதை நீர் எனக்குச் சொன்னது அன்றைக்கில்லை. அடுத்த கிழமை ட்ராமில் போகும்போது, நீராகவே சொன்னீர், முடிவோடு சேர்த்து. அந்தப் புதன்கிழமை நீர் வந்து நின்றபோது நெஞ்சில் கட்டுப் போட்ட பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றீர். முகம் வெளிறியிருந்தது. கதிரையில் நான் இருந்தேன், உம்முடைய கதிரையில். நீர் "இருக்கட்டும்" என்றவுடனே எனக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. கண்ணைத் துடைத்தேன், மூக்கைச் சீறினேன், மிச்சத் தட்டுகள் எட்டையும் கெதியாக முடிப்போம் என்றேன். நீர் ஓம் என்று நின்றுகொண்டே ஒரு கையால் உறைகளை எடுத்துத் தந்தீர். நான் எழும்பி உமக்குக் கதிரை தரவில்லை. டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவும் இல்லை.